நீல லாட்ஜும் மணல் கலர் துண்டும்

காரைக்கால் பஸ் ஸ்டாண்டில் இறங்கி எந்த ஆட்டோக்காரரிடம் வேண்டுமானாலும் "நீல லாட்ஜ்" என்று சொல்லுங்கள். வேறு விலாசம் தேவையில்லை. தலத்தெருவைத் தாண்டி, திருநள்ளாறு போகும் சாலையில், மணல் நிறச் சுவரும் கருநீலக் கதவுகளுமாக நிற்கும் ஒரு மாடிக் கட்டிடத்தின் முன்னால் இறக்கிவிடுவார். அந்த லாட்ஜுக்கு முறையாக ஒரு பெயர் இருக்கிறது. போர்டில் அதை எழுதியவள் நான்தான். யாரும் படிப்பதில்லை. எனக்கு அதில் துளி வருத்தம் கிடையாது. பெயரைத் தூக்கிச் சாப்பிட்டுவிட்டு நிறம் நிற்கிறது என்றால், அந்த நிறத்தைத் தேர்ந்தெடுத்தவளுக்கு வேறென்ன வேண்டும். தலைக்கனம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். மறைப்பதற்கு நான் முயற்சி செய்யப்போவதில்லை.

நான் டிசைனர். எங்கள் ஊரில் அந்தச் சொல்லுக்குப் பொருள் "பிளெக்ஸ் கடை அக்கா". சென்னையில் படித்து, சில வருடம் அங்கேயே வேலை பார்த்து, கல்யாணத்துக்குப் பிறகு ஊரோடு வந்து சேர்ந்தேன். கடைத்தெருவுக்குப் பின்னால் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்குப் பிடித்து, ஒரு கம்ப்யூட்டரும் ஒரு பிரிண்டருமாக உட்கார்ந்தேன். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், கட்சிக்காரர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி என்று வேலைக்குக் குறைவில்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் அதே சிவப்பு, அதே மஞ்சள், அதே ரோஸ். சொந்தக்காரர்கள் முகம் ஒன்று விடாமல் வர வேண்டும். ஒரு சித்தப்பா விட்டுப்போனால் கல்யாணமே நின்றுவிடும் என்கிற மாதிரி சண்டைக்கு வருவார்கள். கண்ணுக்கு மூச்சுவிட இடம் வேண்டும் என்று கொஞ்சம் வெறுமையாக விட்டால், "இந்த எடம் சும்மாதானே கெடக்கு, தம்பி போட்டோவ வச்சிருங்க" என்பார்கள். வைப்பேன். வைத்துவிட்டு, அவர்கள் போனபின் பல்லைக் கடித்துக்கொள்வேன்.

எனக்கென்று ஒரு நிற ஜோடி இருந்தது. கருநீலமும் மணல் நிறமும். புத்தகத்தில் இண்டிகோ, பீஜ் என்று போட்டிருப்பார்கள். கல்லூரியில் ஒரு வகுப்பில் வெளிநாட்டு வீடுகளின் படங்களைத் திரையில் காட்டி, உயர்ந்த ரசனைக்கு அடையாளம் இந்தச் சேர்க்கை என்று விளக்கினார்கள். எல்லோரும் குறிப்பெடுத்தார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. வரிச்சிக்குடியில் அறுப்பு முடிந்த நாட்களில் எங்கள் வீட்டுக் கூடத்தில் நெல் மூட்டைகள் அடுக்கிக் கிடக்கும். சணல் சாக்கின் அந்த மங்கிய நிறத்தின் மேல் கருநீல மையில் அச்சு எழுத்து விழுந்திருக்கும். பாதி அழிந்திருந்தாலும் வாசலிலிருந்தே படிக்கலாம். எழுத்துக் கூட்டத் தெரிவதற்கு முன்பே அதன் மேல் விரல் வைத்துத் தடவியிருக்கிறேன். அவர்கள் உயர்ந்த ரசனை என்று காட்டியதன் மேல் எங்கள் அப்பா மத்தியானத்தில் சாய்ந்து குறட்டை விடுவார்.

அந்த ஜோடியை எங்கேயாவது செய்துபார்த்துவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. ஊரில் யாரும் இடம் கொடுக்கவில்லை. ஒரு துணிக்கடைக்காரரிடம் காட்டினேன், ஸ்கூல் யூனிஃபார்ம் மாதிரி இருக்கிறது என்றார். ஒரு பேக்கரிக்காரர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, இது எந்தக் கட்சி என்று கேட்டார்.

என் கடை இருந்த வீட்டின் மாடியில் வீட்டுக்கார அம்மா குடியிருந்தார். காரைக்காலில் தலைமுறைகளாக வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பம். நான் அவரை லாத்தா என்றுதான் கூப்பிடுவேன், அக்கா என்பதற்கு அவர்கள் வீட்டுச் சொல். அவருடைய கணவரை அந்த முறைக்கு மச்சான் என்பேன். மச்சான் துபாயில் ஒரு பெரிய ஹோட்டலில் சலவைப் பிரிவில் வேலை பார்த்தார். கல்யாணமான வருடமே போனவர். வருடத்துக்கு ஒரு தடவை லீவில் வருவார். அவர் வந்தால் வீடே பிரியாணி மணக்கும், சொந்தமெல்லாம் வந்து பார்த்துவிட்டுப் போகும். அவர் மாடிப்படி இறங்கும்போது எந்தப் படியில் விளிம்பு உடைந்திருக்கிறது என்று தெரியாமல் ஒவ்வொரு தடவையும் தடுக்குவார். நான் கடையில் உட்கார்ந்தபடி அந்தச் சத்தத்தைக் கேட்பேன்.

அந்தச் சேமிப்பில்தான் திருநள்ளாறு சாலையில் லாட்ஜ் கட்டினார்கள். சனிக்கிழமை என்றால் சனீஸ்வரனைப் பார்க்க நாலு மாநிலத்திலிருந்தும் ஜனம் வந்து குவியும் சாலை அது. கட்டிடம் பூச்சு முடிந்து நின்றபோது மச்சான் லீவு போட்டுவிட்டு வந்தார். விசா இன்னும் உயிரோடு இருந்தது. ஆறு மாதத்துக்குள் திரும்பிப் போகாவிட்டால் அது செத்துவிடும். அதற்குள் லாட்ஜ் தன் காலில் நின்றால் அவர் ஊரோடு இருந்துவிடுவார், இல்லையென்றால் மறுபடியும் விமானம் ஏறுவார். அவர்களுக்குள் பேச்சு அப்படி.

லாத்தா ஒரு நாள் கீழே இறங்கி வந்து என் கடை ஸ்டூலில் உட்கார்ந்தார். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சொன்னார், "புள்ள, இந்த லாட்ஜுக்கு கலர்லேருந்து போர்டு வரைக்கும் நீயே பாத்துக்க. ஒன்ன நம்பித்தான் வுடுறேன். வருஷத்துக்கு ஒரு மாசம் விருந்தாளியா வந்துட்டுப் போறாரு மனுஷன். எனக்கு வூட்டோட இருக்குற மாப்பிள வேணும். விருந்தாளியா வந்தது போதும்."

எனக்கு ஒரு முழுக் கட்டிடம் கைக்கு வந்த சந்தோஷம் ஒரு பக்கம். ஒரு மனுஷன் வீட்டில் சாப்பிடுவதும் சாப்பிடாததும் என் பெயிண்ட் டப்பாவில் வந்து நிற்கிறதே என்கிற பயம் இன்னொரு பக்கம். பயத்தை வெளியே காட்டிக்கொள்ளவில்லை. அன்று சாயங்காலமே இரண்டு நிறங்களையும் அட்டையில் ஒட்டி எடுத்துக்கொண்டு மாடிக்குப் போனேன்.

மச்சான் கருநீலத்தைப் பார்த்ததும் அட்டையைக் கீழே வைத்துவிட்டார். "ஏம்மா, இது சனி கலர் இல்லையா? வர்றவங்க அவர்கிட்டேருந்து தப்பிச்சுப் போகத்தான் வர்றாங்க. வாசல்லயே அவரு கலர அடிச்சு வச்சா எவன் உள்ள வருவான்?"

அவர் சொன்னதில் ஞாயம் இருந்தது. புதுத் தொழிலுக்குக் கருநீலம் தொடுவதற்கு எங்கள் பக்கத்தில் நிறைய பேர் யோசிப்பார்கள். யாத்திரைக்காரர்களை வேனில் கொண்டுவந்து விடும் போலகத்து டிரைவர் ஒருவரும் அங்கே உட்கார்ந்திருந்தார். லாட்ஜுக்கு ஆள் வருவதும் வராததும் அவர் மாதிரி டிரைவர்கள் கையில்தான் இருக்கிறது. அவரும் தலையை ஆட்டினார். "மஞ்சள் அடிச்சிருங்கக்கா. மங்களகரமா இருக்கும்."

நான் விடவில்லை. "வெளியூர்க்காரங்களுக்குத்தான், மச்சான், அவர்கிட்ட பயம். நமக்கு அவரு பக்கத்து வீட்டுக்காரர் மாதிரி. அவருக்கு எள்ளெண்ணெய் விளக்கு ஏத்தி, நீலத் துணி சாத்தி, அவரைக் கண் குளிரப் பாக்கணும்னுதானே வர்றாங்க? அந்த ரோட்டுல இருக்குற லாட்ஜ் அத்தனையும் மஞ்சள்தான், செவப்பு எழுத்துதான். வெடியக்காலையில எண்ணெய் தேச்சு முழுகிட்டு, கண்ணுல எண்ணெயோட ஈரமா திரும்பி வர்றவங்களுக்கு எது அவங்க லாட்ஜுன்னே தெரியறதில்ல. நீங்களே கேளுங்க அண்ணன்கிட்ட."

டிரைவர் சிரித்துவிட்டார். போன வாரம்தான் ஒரு குடும்பம் தங்கள் லாட்ஜ் என்று நினைத்து அடுத்த லாட்ஜின் மாடியேறிக் கதவைத் தட்டிக்கொண்டிருந்ததாம். லாத்தா உள்ளேயிருந்து தேநீரோடு வந்தார். "இந்த ரோட்டுல டீக்கடைலேருந்து பூக்கடை வரைக்கும் அவரு பேருலதான் ஓடுது. அவரு கலர அடிச்சா நம்ம யாவாரத்துல பரக்கத்து கொறஞ்சுறாது. புள்ள சொல்றபடி அடிங்க" என்று முடித்துவிட்டார்.

வேலையைத் தொடங்கினேன். இந்த இரண்டு நிறங்களும் பார்ப்பதற்குச் சாதுவாகத் தெரியும், பழகினால்தான் எவ்வளவு பிடிவாதம் என்று புரியும். நீலத்தில் ஒரு சொட்டு சிவப்பு கலந்தால்தான் அது இண்டிகோ. கலக்காவிட்டால் துணிக்கடைக்காரர் சொன்னது உண்மையாகி, பள்ளிக்கூடம் ஆகிவிடும். மணல் நிறத்தில் மஞ்சள் கொஞ்சம் கூடினால் சந்தனம், குறைந்தால் சாம்பல். பெயிண்டர் அதைச் சந்தன கலர் என்றார், லாத்தா பிஸ்கட் கலர் என்றார், மச்சான் மட்டும் மணல் கலர் என்றார். அத்தனை வருடம் பார்த்த மணலாயிற்றே. அவர் சொன்னதையே வைத்துக்கொண்டேன்.

வெயில் விழும் சுவருக்கெல்லாம் மணல். எங்கள் கடற்கரைக் காற்று அள்ளிவரும் புழுதி அதில் தெரியாது. கண் நிற்க வேண்டிய இடத்துக்கும் கை படும் இடத்துக்கும் நீலம். கதவு, மாடிப்படிக் கைப்பிடி, சாவியில் தொங்கும் கட்டை, வாசல் போர்டு. பாதிக்குப் பாதி அடித்தால் இரண்டும் சண்டை போடும். மணல் நிறைய இருந்து நீலம் கொஞ்சமாக வந்தால்தான் நீலத்துக்கு மரியாதை. அறைக்குள் டியூப் லைட் போட்டுப் பார்த்தபோது என் அழகான மணல் நிறம் காமாலை வந்தவர் மாதிரி ஆகிவிட்டது. எலக்ட்ரீஷியனோடு மல்லுக்கு நின்று மஞ்சள் ஒளி பல்பு மாற்ற வைத்தேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில் என் மூளையைப் பற்றிய சந்தேகம் இருந்தது. விளக்கைப் போட்டதும் அவரே ஒரு நிமிடம் அறையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, அதே பல்பை எடுத்துக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார்.

திறந்த முதல் சனிக்கிழமையே அறைகள் நிறைந்தன. மறுவாரம் போனில் கேட்டவர்கள், "அந்த நீல லாட்ஜா?" என்றே கேட்டார்கள். சனி கலர் என்று யாரும் முகம் சுளிக்கவில்லை. சேலத்திலிருந்து வந்த ஒருவர், சனீஸ்வரனுக்கு உகந்த நிறத்திலேயே வீடு கட்டி வைத்திருக்கிறீர்களே என்று வாசலில் கும்பிட்டுவிட்டு உள்ளே போனார். பெருமை என்றால் அப்படி ஒரு பெருமை எனக்கு. சாயங்காலம் கடையைப் பூட்டிவிட்டு, வேலை எதுவும் இல்லாமலே ஸ்கூட்டரில் அந்தப் பக்கம் ஒரு சுற்று போய் வருவேன். சாலையின் எதிர்ப்பக்கம் நிறுத்திப் பார்ப்பேன்.

மச்சானும் அடியோடு மாறிப்போனார். எவ்வளவு எதிர்த்தாரோ அவ்வளவு நீலப் பைத்தியம் பிடித்துக்கொண்டது அவருக்கு. நீலச் சட்டை, நீலப் பேனா. வாளிகூட நீலத்தில் வாங்கினார். நான் துண்டுகளை மணல் நிறத்தில்தான் சொல்லியிருந்தேன். அவர் எனக்குச் சொல்லாமல் கரூருக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் கருநீலத்தில் நெய்து வரவழைத்துவிட்டார். நல்ல கனத்த டர்க்கி டவல். மூலையில் மணல் நிற நூலில் லாட்ஜின் அடையாளம். "இருபது வருஷமா வெள்ளத் துண்டையே வெளுத்து வெளுத்துக் கண்ணு பூத்துப்போச்சும்மா. எனக்குன்னு ஒரு கலர்ல துண்டு இருக்கட்டுமே" என்றார். அதற்குமேல் நான் என்ன சொல்ல. துண்டும் பார்க்க நன்றாகத்தான் இருந்தது.

துண்டுகள் காணாமல் போகத் தொடங்கின.

ஒன்றிரண்டு போவது லாட்ஜ் தொழிலில் சகஜம் என்று மச்சானுக்குத் தெரியும். ஆனால் ஒரு அறை விடாமல் போனது. பண்பான மனிதர்கள், குழந்தை குட்டியோடு வந்தவர்கள், கிளம்பும்போது அறையைப் பெருக்கிவிட்டுப் போன ஒரு பாட்டியம்மா, எல்லோருடைய அறையிலும் துண்டு இல்லை. மச்சான் வாய்விட்டுப் புலம்பினார், "பாத்தா நல்ல ஜனமா இருக்காங்க. எல்லாரும் சேந்து எடுத்துட்டுப் போறாங்களே."

லாட்ஜின் இணையப் பக்கத்துக்குப் படம் எடுக்க ஒரு சனிக்கிழமை காலை திருநள்ளாற்றில் நளன் குளத்துக்குப் போயிருந்தேன். அங்கே வழக்கம் என்னவென்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் தெரியும். உடம்பெல்லாம் நல்லெண்ணெய் தேய்த்து, குளத்தில் தலை முழுகி, உடுத்திய துணியை அங்கேயே விட்டுவிட்டு, பீடை அதோடு போயிற்று என்று திரும்பிப் பாராமல் வர வேண்டும். துணியைத் தண்ணீரில் விடாமல் போடுவதற்குக் கரையில் இடம் ஒதுக்கியிருந்தார்கள். அந்தக் குவியலில் கண்ணைப் பறித்துக்கொண்டு கிடந்தன எங்கள் துண்டுகள். படியில் இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் அதைக் கட்டிக்கொண்டு ஈரத்தோடு நின்றார்கள். சனிக்கு உகந்த நீலத்தில் கட்டிலின் மேல் மடித்து வைத்திருந்தால் அவர்கள் வேறு என்ன நினைப்பார்கள். குளத்துக்கென்று லாட்ஜே கொடுத்த துணி என்று எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்.

வெளுத்த கல் படிகள், அதன் மேல் வரிசையாகக் கருநீலம். அந்த நேரத்தில் எனக்குத் துண்டு போன கவலையே வரவில்லை. என்ன அழகு என்றுதான் நின்றேன். இஷ்டத்துக்குப் படம் எடுத்துத் தள்ளினேன். பிறகு மச்சானுக்குப் போன் போட்டு, சிரிப்பை அடக்க முடியாமல், அவருடைய துண்டுகள் எங்கே இருக்கின்றன என்று சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. நான் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் ஒரு கோணியை எடுத்துக்கொண்டு குளத்துக்குப் போய், தன் அடையாளம் போட்ட துண்டுகளை எல்லாம் பொறுக்கிக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். அந்த வழக்கம் அவருக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் இருபது வருட சலவைப் பிரிவு அவருக்குள் உட்கார்ந்திருந்தது. அழுக்கான துண்டு என்று அவருக்கு ஒன்று உண்டு, கைவிட்ட துண்டு என்று ஒன்று கிடையாது. "துண்டுக்கு ஏதும்மா பீடை? நல்ல சூட்டுத் தண்ணில போட்டு எடுத்தா எல்லாம் போயிரும்" என்றார். போட்டு எடுத்து, லாட்ஜின் மொட்டை மாடியில் வரிசையாகக் காயவும் போட்டார். எங்கிருந்து பார்த்தாலும் தெரிந்தது. அவ்வளவு தூரத்துக்குத் தெரியும் நிறத்தைத் தேர்ந்தெடுத்தவள் நானல்லவா.

மறுநாள் காலை போலகத்து டிரைவர் என் கடைக்கு வந்தார். எப்போதும் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுப் போகிறவர் அன்று நின்றபடியே பேசினார்.

"அக்கா, நேத்து பாய் கோணியோட குளத்துலேருந்து வந்தத நாங்க நாலஞ்சு பேரு பாத்தோம். அப்பறம் மாடில கொடி நெறைய அதே துண்டு காயுது. ஒருத்தர் தலை முழுகி வுட்டுட்டுப் போனத இன்னொருத்தருக்குத் தலை தொவட்டக் குடுக்கலாமா? நான் யாருகிட்டயும் ஒண்ணும் சொல்லலக்கா. ஆனா என்னை நம்பி வண்டில ஏறுறவங்கள அங்க எறக்கிவுட எனக்கு மனசு வரல."

"அதுல ஒண்ணுகூட இன்னும் ரூமுக்குப் போகலண்ணே" என்றேன்.

"போகப் போறதுதானக்கா" என்றார். வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அவர் சொல்லாவிட்டாலும் மற்றவர்கள் சொன்னார்கள். அடுத்த சனிக்கிழமை சாலை முழுக்க வண்டி, எங்கள் வாசலில் மட்டும் ஒன்றும் இல்லை. அதற்கடுத்த வாரமும் அப்படியே. நீல லாட்ஜ் என்ற பெயர் இப்போது வேறு மாதிரிப் பரவியது. மஞ்சள் லாட்ஜாக இருந்திருந்தால் எது என்று தெரியாமல் குழம்பியிருப்பார்கள். எங்களுடையதில் குழப்பத்துக்கு இடமே இல்லை. மச்சான் ஒருநாள் பரணிலிருந்து பெரிய சூட்கேஸை இறக்கித் துடைத்து வைத்தார். படி இறங்கி வரும்போது கால் தடுக்கவில்லை. இந்த நாலைந்து மாதத்தில் உடைந்த படி எது என்று அவருக்குப் பழகியிருந்தது.

மஞ்சள் அடித்துவிடலாமா என்று மச்சான் பெயிண்டரிடம் விசாரித்ததாக லாத்தா சொன்னார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் நிறத்தின் மேல் தப்பு இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன். லாத்தாவின் முகத்தைப் பார்த்து அடங்கினேன். அவர் கோபமாக இல்லை. விசா முடிய எவ்வளவு நாள் இருக்கிறது என்று மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருக்கிறவரின் முகம் அது.

கடையில் உட்கார்ந்து குளத்தில் எடுத்த படங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். நீலத்தை அவர்கள் வெறுக்கவில்லை. ஆசையாகத்தான் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்கள். அது விட்டுவிட வேண்டிய நிறம் என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. நாங்கள்தான் போக வேண்டியதையும் இருக்க வேண்டியதையும் ஒரே நிறத்தில் கொடுத்திருக்கிறோம். இரண்டு நிறம் கையில் இருந்தும் ஒன்றை மட்டும் கொடுத்திருக்கிறோம். நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து மாடிக்கு ஓடினேன்.

"மச்சான், குளத்துக்குப் போறதுக்கு மெல்லிசா ஒரு ஈரிழைத் துண்டு, நீலத்துல. அது அவங்களுக்கே. வாடகையோட சேத்தி. அதுல நம்ம அடையாளம் வேணாம், விட்டுட்டு வர்ற பொருள்ல கடைப் பேரு இருக்கக்கூடாது. திரும்பி வந்து தொவட்டிக்க நல்ல கனமான துண்டு, மணல் கலர்ல. அது ரூமவிட்டு வெளிய போகாது. அடையாளம் அதுக்குத்தான்."

அவர் சரி என்று தலையாட்டினார். பிறகு, "மாடில இருக்குற துண்ட என்னம்மா பண்றது? நல்ல துண்டும்மா" என்றார்.

"எடுத்த எடத்துலயே போட்டுட்டு வரணும் மச்சான். எல்லாரும் பாக்க."

அவர் முகம் சுருங்கியது. தன் கையால் வெளுத்து மடித்ததை வீசுவது அவருக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். லாத்தா அடுப்படியிலிருந்து வந்து நின்றார். கோணியை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

சனிக்கிழமை பட்டப்பகலில், வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் நேரத்தில், மச்சான் கோணியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தே போனார். நானும் லாத்தாவும் பின்னால் போனோம். துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து, எடுத்த இடத்திலேயே வைத்தார். எறியவில்லை. ஹோட்டலில் அடுக்குகிற மாதிரி மடிப்பு குலையாமல் வைத்தார். டிரைவர்கள் வேடிக்கை பார்த்தார்கள். காலிக் கோணியை உதறிவிட்டு அவர்கள் பக்கம் போய், "ஒண்ணுகூட ரூமுக்குப் போகலப்பா. என் தொழில் புத்தில எடுத்துட்டேன். நீங்க கூட்டியாற ஜனத்துக்கு இது எவ்வளவு பெரிய விஷயம்னு நெனச்சுப் பாக்கல. இனிமே எடுக்க மாட்டேன்" என்றார்.

போலகத்து டிரைவர் வண்டியிலிருந்து இறங்கி வந்து, "வாங்க பாய், டீ சாப்புடுவோம்" என்றார்.

கரூரிலிருந்து இரண்டு துண்டுக் கட்டும் வந்து சேர்ந்தன. ஒவ்வொரு கட்டிலின் மேலும் நீலத்தை மேலே, மணலைக் கீழே வைத்தோம். பக்கத்தில் மணல் நிற அட்டையில் கருநீல எழுத்தில் தமிழிலும் தெலுங்கிலும் நான் எழுதிய வரி: "நீலத் துண்டு உங்களுக்கு, விட்டுவிட்டு வாருங்கள். மணல் நிறத் துண்டு நீங்கள் திரும்பி வரும்வரை இங்கே இருக்கும்." என் வாழ்நாளில் ஆயிரக்கணக்கில் பிளெக்ஸ் எழுதியிருக்கிறேன், எதையும் இரண்டாம் முறை படிக்கத் தோன்றியதில்லை. இதை இன்றைக்கும் எடுத்துப் பார்த்துக்கொள்கிறேன். கோயம்புத்தூரிலிருந்து தனியாக வந்திருந்த ஒரு பெண், குளத்திலிருந்து திரும்பி, அந்த மணல் நிறத் துண்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்திருந்ததாக அறை சுத்தம் செய்யும் அக்கா வந்து சொன்னார். போகும்போது துண்டை மடித்து, வைத்த இடத்திலேயே வைத்துவிட்டுப் போயிருந்தாராம்.

வண்டிகள் மறுபடி எங்கள் வாசலுக்கு வரத் தொடங்கின. முதலில் வந்தது போலகத்து வேன்தான். பிறகு அந்தச் சாலையில் மற்ற லாட்ஜுகளிலும் நீலத் துண்டு கொடுக்கத் தொடங்கினார்கள். காப்பியடிக்கிறார்கள் என்று மச்சானுக்குக் கோபம், எனக்குப் பெருமை. அவர்களிடம் மணல் நிறம் இல்லை. அதனால் என் ஜோடி என்னுடையதாகவே இருக்கிறது.

விசா செத்த நாள் என்று ஒன்று வந்துபோனது. மச்சான் அன்றைக்கு லாட்ஜில் ஒழுகும் குழாய் ஒன்றுக்கு வாஷர் மாட்டிக்கொண்டிருந்தார். மத்தியானம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுவிட்டு, மாடிப்படியில் உடைந்திருந்த விளிம்புக்கு சிமெண்ட் பூசினார்.

அடுத்த மாதம் துண்டுக்கு ஆர்டர் போடும்போது, வீட்டுக்கும் சேர்த்துச் சொல்லிவிடலாம் என்று மாடிக்குப் போய் லாத்தாவிடம் கேட்டேன், "மச்சானுக்கு எத்தனை வேணும் லாத்தா? நீலத்துல எத்தனை, மணல்ல எத்தனை?"

லாத்தா கொடுவா மீனை அரிந்துகொண்டிருந்தார். நிமிராமலே சொன்னார், "அவருக்கு நீலம் வேணாம் புள்ள. மணல் மட்டும் சொல்லு."